பண்ணை வீடாக வேடமிட்ட ரேடார் நிலையம்: கிளமாத் பி-71இல் எதைக் காப்பாற்ற வேண்டும்?

கரைமேடு எழுதியது:

வட கலிபோர்னியாவில் கிளமாத் ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்திற்குச் சற்றுத் தெற்கே, இன்றைய ரெட்வுட் தேசியப் பூங்காவின் எல்லைக்குள், கடலை நோக்கி இறங்கும் சரிவில் ஒரு பண்ணை வீடும் ஒரு கொட்டகையும் நிற்கின்றன. மேலே உள்ள சாலையிலிருந்து பார்ப்பவருக்கு, மழை மிகுந்த அந்தக் கரையில் யாரோ மாடு வளர்த்துப் பிழைத்து, பிறகு கைவிட்டுப் போன இடம் என்றே தோன்றும். சென்ற ஆண்டு பனிமூட்டம் விலகிய ஒரு பிற்பகலில் அங்கே சென்றபோது எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கூரை சரியான கோணத்தில் சாய்ந்திருக்கிறது, கூரைமேல் சிறு சாளரங்கள் துருத்தி நிற்கின்றன, சுவரில் மரப் பலகைகள் படிந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சன்னல்களில் ஒன்றுகூடத் திறப்பதற்காக வைக்கப்பட்டதில்லை. இந்தப் பலகைகளாலான மரத்தோலுக்குப் பின்னால் இருப்பது கனமான கான்கிரீட் பிளாக் சுவர்.

இது 1942-43இல் அமெரிக்கப் படையினர் கட்டிய பி-71 ரேடார் நிலையம். பண்ணை வீடு போல் தோன்றும் கட்டடத்தில் டீசல் மின்னாக்கிகள் இயங்கின. கொட்டகை போல் தோன்றுவதற்குள் திரைகளின் முன்னே படைவீரர்கள் அமர்ந்து கடலுக்கு மேலான வானத்தைக் கவனித்தார்கள். மூன்றாவதாக ஒரு சிறு கழிப்பறை இருந்தது. அது மட்டும் தோற்றத்திலும் பயன்பாட்டிலும் கழிப்பறையே. நிலையத்தின் காவலுக்கு 50 காலிபர் விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை பசிபிக் கரை நெடுகத் திட்டமிடப்பட்ட எச்சரிக்கைச் சங்கிலியின் ஒரு கண்ணி இது. அந்தச் சங்கிலியில் இன்றும் உருக்குலையாமல் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே என்பதால், 1978இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் இந்தக் கரையைத் தாக்கலாம் என்ற அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1941 டிசம்பர் 20 அன்று, பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், மெண்டோசினோ முனைக்கு அப்பால் எமிடியோ என்ற எண்ணெய்க் கப்பலை ஜப்பானின் ஐ-17 நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். ஆளில்லாத அந்தக் கப்பல் வடக்கே மிதந்து சென்று கிரெசன்ட் சிட்டி துறைமுகப் பாறைகளில் மோதி நின்றது. வரைபடத்தைப் பார்த்தால் கிளமாத் முகத்துவாரம் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கிறது. அதாவது பி-71 பின்னர் எழுந்த சரிவுக்கு எதிரே உள்ள கடலைக் கடந்துதான் அந்தச் சிதைந்த கப்பல் போயிருக்க வேண்டும். அடுத்த பிப்ரவரி 23 அன்று அதே ஐ-17 சாண்டா பார்பரா அருகே எல்வுட் எண்ணெய் வயலின் மீது குண்டு வீசியது. சேதம் அற்பமே. ஆனாலும் மறுநாள் இரவு லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் வராத விமானங்களை நோக்கி 1,400க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது.

என் கேள்வி இதுதான். கடற்காற்றும் உப்பும் இந்த மரத்தோலை ஓயாமல் தின்றுகொண்டிருக்கின்றன. கான்கிரீட் இன்னும் பல காலம் நிற்கும். மரத்தை மீண்டும் மீண்டும் மாற்றிப் பாதுகாக்க வேண்டுமா, அல்லது உள்ளிருக்கும் கட்டடத்தைப் பாதுகாத்தால் போதுமா? மரத்தைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்பது என் கருத்து. கான்கிரீட் அறைகள் உலகின் எல்லாக் கடற்கரைகளிலும் கிடக்கின்றன. ஒரு படை தன்னை உழவனாகக் காட்டிக்கொள்ள எப்படி முயன்றது என்பதற்கான சாட்சி இந்த மரத்தில்தான் இருக்கிறது.

அலைவாங்கி எழுதியது:

மின்னணுத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒரு விளக்கம் சேர்க்கிறேன். ரேடார் தானே அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்துத் திரும்புவதைக் கேட்கும் கருவி. அதே அலைவரிசையில் ஏற்பியை வைத்திருக்கும் எவரும் அது இயங்குவதை அறிந்துவிட முடியும். எனவே பண்ணை வீட்டு வேடம் வானொலி அலைகளைப் பொறுத்தவரை எதையும் மறைக்கவில்லை. அது மனிதக் கண்ணுக்கு எதிரான ஏற்பாடு மட்டுமே. மேல்மட்டத்துக்கு வந்த நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தில் தொலைநோக்கியுடன் நிற்பவர், பெரிஸ்கோப் வழியே கரையை ஆராய்பவர், சிறு கடல்விமானத்தில் கரையோரமாகப் பறப்பவர் ஆகிய மூவரின் பார்வையையும் மனத்தில் வைத்தே அது வரையப்பட்டிருக்க வேண்டும். கடலிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டடத்தின் வெளிக்கோடுதான் முதலில் தெரியும். தட்டையான கான்கிரீட் கூரை பச்சைச் சரிவில் தனித்துத் தெரிந்துவிடும். சாய்ந்த மரக் கூரை தெரிந்தாலும் ஐயத்தை எழுப்பாது.

ரேடாரின் மதிப்பை அமெரிக்கர்கள் எவ்வளவு கசப்பான முறையில் கற்றார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய 1941 டிசம்பர் 7 காலை, ஹவாயின் ஓவாஹு தீவின் ஓபானா முனையில் இருந்த எஸ்.சி.ஆர்-270 ரேடாரில் லாக்கார்டு, எலியட் என்ற இரண்டு வீரர்கள் 7 மணி 2 நிமிடத்திற்கு ஒரு பெரிய விமானக் கூட்டத்தைக் கண்டார்கள். அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவர்களுடைய பணி நேரம் 7 மணிக்கே முடிந்திருந்தது. பயிற்சிக்காகக் கருவியை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். தகவல் மையத்திற்குத் தொலைபேசியில் சொன்னபோது, அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வரவேண்டிய பி-17 குண்டுவீச்சு விமானங்களாக இருக்கும் என எண்ணிய லெப்டினன்ட் டைலர், கவலைப்பட வேண்டாம் என்றார். கருவி பார்த்துவிட்டது, பார்த்ததை நம்பிச் செயல்படும் ஒழுங்குதான் அங்கே உருவாகியிருக்கவில்லை. பி-71 போன்ற நிலையங்களை அந்தக் காலைப்பொழுதை மறக்காமல்தான் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்புக்காரை எழுதியது:

கரைமேடு அவர்களின் பதிவை மதிப்புடன் வாசித்தேன். ஆனால் முடிவுடன் உடன்பட இயலவில்லை. பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மழையும் உப்பும் நிறைந்த கரையில் மரப்பலகை சில பத்தாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஒரு பலகையை மாற்றுகிறோம், பிறகு பத்து, பிறகு நூறு. ஒரு கட்டத்தில் 1943இன் தச்சர் தொட்ட மரம் ஒன்றுகூட அங்கே இருக்காது. நாம் கட்டிய ஒரு பண்ணை வீட்டையே வருவோருக்குக் காட்டிக்கொண்டிருப்போம். ஏற்கெனவே போலியான ஒன்றுக்கு இன்னொரு போலியைச் செய்வது பாதுகாப்பு ஆகுமா? கான்கிரீட் பிளாக்குகளோ அன்று அடுக்கப்பட்டவை, குண்டுக்கு அஞ்சி அந்த அளவு கனமாக வைக்கப்பட்டவை. அந்த அச்சத்தின் கனத்தை விரலால் தொட்டு உணர முடியும்.

டெலவேர் கடற்கரையைப் பாருங்கள். அங்கே போர்க்காலக் கண்காணிப்புக் கோபுரங்கள் பதினொன்று இன்றும் நிற்கின்றன. உருளை வடிவக் கான்கிரீட், மேலே குறுகலான கிடைமட்டத் திறப்புகள், எந்த வேடமும் இல்லை. இரண்டு கோபுரங்களில் இருப்பவர்கள் ஒரே கப்பலை நோக்கிக் கோணம் அளந்து சொன்னால், முக்கோணக் கணக்கின் மூலம் அதன் தொலைவைக் கண்டு மைல்ஸ் கோட்டையின் பீரங்கிகளுக்குத் தெரிவிப்பார்கள். வெறும் கான்கிரீட்டாக நின்றே அவை தம் வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன.

கரைமேடு எழுதியது:

உங்கள் அனுபவத்தின் முன்னால் நான் மாணவன்தான். ஆயினும் டெலவேர் ஒப்பீடு என் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது என்று கருதுகிறேன். அந்தக் கோபுரங்கள் பீரங்கிகளுக்காகக் கணக்கிட்டவை. பார்க்கப்படுவதைப் பற்றி அவை கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பி-71இடம் இருந்தவை இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் பீரங்கி அதை அடையாளம் கண்டிருந்தால் எதிர்த்து நிற்க வழியில்லை. கண்ணில் படாமல் இருப்பதே அதற்கு இருந்த கோட்டைச் சுவர். அந்த வகையில் மரத்தோல், கான்கிரீட்டுக்கு இணையான பாதுகாப்புக் கட்டுமானம். அதை அலங்காரம் என்று ஒதுக்குவது, தெருக்கூத்தில் அரிதாரத்தைக் கழுவிவிட்டு நடிகரை மட்டும் காட்டி, இதுதான் கூத்து என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மறைந்திருப்பதை அன்றைய தளபதிகள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1942 ஜூன் 21 இரவு, ஐ-25 என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஓரிகன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் கோட்டையை நோக்கிப் பதினேழு குண்டுகள் சுட்டது. கோட்டையில் பெரிய பீரங்கிகள் இருந்தும் பதிலுக்கு ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம் என்று தளபதி ஆணையிட்டார். சுட்டால் பீரங்கிகளின் இடம் தெரிந்துவிடும் என்பது முக்கியக் காரணம். பீரங்கி வீரர்களுக்கு அந்த மௌனம் பெரும் மனக்குறையாக இருந்தது. பல டன் இரும்பை வைத்திருந்த கோட்டையே இருளைப் போர்த்திக்கொண்டு அமைதி காத்தது என்றால், சரிவில் தனியே நின்ற ஒரு சிறு நிலையம் பண்ணை வீட்டைப் போர்த்திக்கொண்டதில் வியப்பில்லை.

அந்தக் கரை முழுவதுமே அன்று இந்தக் கலையில் ஈடுபட்டிருந்தது. பர்பேங்கில் லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையின் மேல் துணியும் கம்பிவலையும் விரித்துப் போலிக் குடியிருப்பு அமைத்தார்கள். சியாட்டிலில் போயிங் தொழிற்சாலையின் கூரைமேல் தெருக்களும் மரங்களும் கொண்ட ஒரு சிற்றூரையே, திரைப்பட அரங்க அமைப்பாளரான ஜான் டெட்லி உருவாக்கினார். அவை எல்லாம் போர் முடிந்ததும் பிரித்தெடுக்கப்பட்டன. சரிவில் நிற்கும் இந்த வீட்டையும் கொட்டகையையும் நான் இவ்வளவு பிடிவாதமாகக் காக்க நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வரப்போரம் எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவருகிறேன். ஒரு செய்தி இன்னும் சொல்லப்படாமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது.

1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் நிர்வாக ஆணையில் கையொப்பமிட்டார். மேற்குக் கரையின் படைத் தலைமையில் இருந்த ஜெனரல் ஜான் டிவிட் அதன்படி ஜப்பானிய வம்சாவளி மக்களைக் கரையோரப் பகுதிகளிலிருந்து வெளியேற்றினார். ஏறத்தாழ 1,20,000 பேர் உள்நாட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்களுள் பெரும் பகுதியினர் உழவுத் தொழில் செய்தவர்கள். ஸ்ட்ராபெரி, செலரி, தக்காளி என்று கலிபோர்னியச் சந்தைகளுக்குப் போன விளைச்சலில் அவர்களுடைய உழைப்பு கணிசமாக இருந்தது. கையில் தூக்கக்கூடிய பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நின்ற பயிரை அறுக்கக்கூடப் பலருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

உண்மையான உழவர்களைப் பண்ணைகளிலிருந்து வெளியேற்றிய அதே படைத் தலைமையின் கரையில், அதே ஆண்டில், யாரும் உழாத ஒரு பண்ணை கட்டப்பட்டது. கடலில் இருப்பவன் பார்த்தால் இங்கே உழவர்கள் அமைதியாக வாழ்கிறார்கள் என்று நம்ப வேண்டும் என்பதற்காக அது கட்டப்பட்டது. நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஆளில்லாத வயலின் நடுவே பூட்டிக் கிடக்கும் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மரச் சுவரைக் காப்பாற்றுவதானால், அதன் அருகில் வைக்கும் பலகையில் இந்த வெளியேற்றமும் எழுதப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நங்கூரம் எழுதியது:

வரப்போரம் அவர்கள் கூறியது வரலாற்று உண்மை, மறுக்கவில்லை. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கியது. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் இரவு முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் வேறு, ஆணை பிறப்பித்தவர்கள் வேறு. இரண்டையும் ஒரே பலகையில் எழுதினால் அந்த இளைஞர்கள் மீது தவறான நிழல் விழாதா?

வரப்போரம் எழுதியது:

விழாது என்றே நம்புகிறேன் ஐயா. அவர்களைக் குற்றம் சாட்ட நான் எழுதவில்லை. எமிடியோ கப்பலில் இறந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காவலை விளக்க முடியாது என்று கரைமேடு அவர்கள் உணர்ந்து எழுதினார். அதே அச்சம் கரையின் மறுபக்கத்தில் யார் வீட்டு வாசலில் போய் நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் 1942ஆம் ஆண்டு முழுமையாகும்.

கோணேசர்மலை எழுதியது:

திருகோணமலையிலிருந்து ஒரு சிறு இணைப்பு. அலைவாங்கி அவர்கள் குறிப்பிட்ட ஓபானா ரேடாரில் தெரிந்த விமானங்களை அனுப்பிய ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் அதே கப்பற்படைதான் நான்கு மாதம் கழித்து எங்கள் கரைக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று கொக்கலவிலிருந்து சென்ற கட்டலினா விமானத்தின் தலைவர் பேர்ச்சால் அந்தப் படையைக் கடலில் கண்டு செய்தி அனுப்பினார். சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அந்த எச்சரிக்கை கிடைத்திருந்தும், மறுநாள் காலை கொழும்பு தாக்கப்பட்டபோது, ரத்மலானையில் இருந்த ஹரிக்கேன் போர்விமானங்கள், எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே எழும்ப வேண்டியதாயிற்று. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டபோதோ ரேடார் முன்கூட்டியே காட்டியதால் விமானங்கள் உரிய நேரத்தில் எழுந்தன. சேதம் பெரிதுதான், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. ஆனால் விமானிகள் தரையில் சிக்கிக்கொள்ளவில்லை. சில நிமிட எச்சரிக்கைக்காக ஒரு மலைச்சரிவில் ஏன் இவ்வளவு பொருளைக் கொட்டினார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு நாள்களையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

நங்கூரம் எழுதியது:

கிளமாத் பகுதியில் ஜப்பானிய விமானம் உண்மையிலேயே எப்போதாவது பறந்ததா?

அலைவாங்கி எழுதியது:

பறந்தது. 1942 செப்டம்பர் 9 அன்று, முன்பு சொன்ன அதே ஐ-25 கப்பலிலிருந்து நொபுவோ ஃபுஜிதா ஒரு சிறு கடல்விமானத்தில் புறப்பட்டு, ஓரிகன் மாநிலத்தின் புரூக்கிங்ஸ் ஊருக்கு அருகே எமிலி மலைக் காட்டில் தீக்குண்டுகளை வீசினார். புரூக்கிங்ஸ், கிளமாத்திலிருந்து வடக்கே சாலை வழியே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. காட்டுத்தீ பரவி மக்கள் அஞ்சி ஓட வேண்டும் என்பது திட்டம். காடு ஈரமாக இருந்ததால் பரவவில்லை. எமிலி மலையின் காட்டுத்தீக் கண்காணிப்பு நிலையத்தில் இருந்த ஹோவர்ட் கார்ட்னர் அந்த விமானத்தின் ஒலியைக் கேட்டார், பிறகு புகையைக் கண்டார், காட்டுக்குள் நடந்து சென்று தீயை அணைத்தவர்களில் ஒருவரானார். அதாவது அன்று கரையைக் காத்தவை ஒரு காவலரின் காதும் கண்ணும்தான். பி-71 போன்ற நிலையங்கள் எந்த இடைவெளியை அடைக்க வந்தன என்பதை இந்தச் சம்பவமே காட்டுகிறது. ஃபுஜிதா 1962இல் புரூக்கிங்ஸுக்கு அழைக்கப்பட்டு வந்தார்; தம் குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்த வாளை அந்த ஊருக்கே கொடுத்தார்.

சுண்ணாம்புக்காரை எழுதியது:

இரண்டு நாள் யோசித்தேன். மரத்தோலும் பாதுகாப்புக் கட்டுமானமே என்ற கரைமேடு அவர்களின் வாதத்தை ஏற்கிறேன். அதை அலங்காரமாக எண்ணியது என் பிழை. ஆயினும் மாற்றும் முறையில் என் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன். சிதையாத பழைய பலகையை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. புதிதாகப் பொருத்தும் ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் ஆண்டைப் பொறிக்க வேண்டும். பலகைக்கும் பிளாக் சுவருக்கும் இடையே காற்று ஓட வழி விட வேண்டும். ஈரம் அங்கே தங்கினால் மரமும் போகும், காரையும் உதிரும். பழைய சாயத்தின் அடுக்குகளில் ஒரு பகுதியையாவது தொடாமல் விட வேண்டும், ஏனெனில் எந்த நிறம் கடலிலிருந்து இயல்பாகத் தோன்றும் என்று அன்றைக்கு முடிவு செய்தார்கள் என்பது அந்த அடுக்கில்தான் பதிந்திருக்கிறது.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கடற்கரைச் சாலையின் ஒரு பகுதி மண்சரிவால் வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. சரிவு நகர்ந்தால் மரமா கான்கிரீட்டா என்ற நம் விவாதத்திற்கே இடமிருக்காது. எனவே மழைநீரைக் கட்டடத்திலிருந்து விலக்கிக் கொண்டுபோகும் வாய்க்கால்தான் முதல் செலவாக இருக்க வேண்டும்; பலகை இரண்டாவது.

கரைமேடு எழுதியது:

நான்கு நிபந்தனைகளையும் அப்படியே ஏற்கிறேன். வாய்க்காலை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. வரப்போரம் அவர்கள் கேட்ட பலகையைப் பற்றி: பூங்காவினருக்கு எழுதவிருக்கும் மடலில் அதைச் சேர்த்து, அனுப்புவதற்கு முன் இங்கே பதிவிடுகிறேன், திருத்திக் கொடுங்கள். அந்த மடலில் கிளமாத் முகத்துவாரம் யூரோக் மக்களின் பூர்வீக நிலம், ரெக்குவா அவர்களுடைய பழைய ஊர் என்பதையும் எழுதுகிறேன். அந்த வேடத்திலிருந்த உழவனுக்கு முன்பும் அங்கே ஆள்கள் இருந்தார்கள்.

இன்னொன்று கேட்க நினைக்கிறேன். இந்த இழையில் இதுவரை பகிரப்பட்ட படங்கள் எல்லாம், என்னுடையவை உட்பட, மேலே சாலையிலிருந்து எடுத்தவை. அந்தக் கட்டடம் யாருக்காக ஒப்பனை செய்துகொண்டதோ அவர்கள் நின்ற இடம் கடல். கிரெசன்ட் சிட்டியிலிருந்து மீன்பிடிப் படகுகளில் போகிறவர்கள் யாராவது நம் உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தால், தெளிவான ஒரு நாளில், நீர்மட்டத்துக்கு நெருங்கிய உயரத்திலிருந்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா? நான் வரையவிருக்கும் கட்டடத்தின் அளவுப் படத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.